ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார்: வட்டிக் கடையும் பல்கலைக்கழகமும்

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். இதை எமது மாணவர்கள் பரீட்சைக்காக மனனம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் 'அண்ணாமலை' யார் என்று கேட்டால் திருவண்ணாமலையைச் சொல்பவர்களே அதிகம். அவர் ஒரு மனிதர். அதிலும் வட்டித் தொழிலில் வந்தவர். கல்வியைப் பற்றியும் செல்வத்தைப் பற்றியும் பேசும் எமது சமூகம் அவரை அறிந்துகொள்வது பயனுள்ளது என நான் நினைக்கிறேன்.

அண்ணாமலைச் செட்டியார் 1881 செப்டெம்பர் 30இல் செட்டிநாட்டின் கானாடுகாத்தானில் நாட்டுக்கோட்டை நகரத்தார் குடும்பமொன்றில் பிறந்தார். இலங்கை, பர்மா, மலாயா எங்கும் நகரத்தாரின் கடைகள் பரவியிருந்த காலம் அது. கொழும்புச் செட்டியார் தெரு அவர்களின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. ஐரோப்பிய வங்கிகள் உள்ளூர் வியாபாரிக்கு நேரடியாகக் கடன் கொடுக்கத் தயங்கின. அவ்வங்கிகளிடம் பணம் பெற்று, கூடிய வட்டிக்கு உள்ளூரில் கடன் கொடுத்தவர்கள் செட்டிமார்கள்.

குடும்பத் தொழிலை விரிவாக்கிய அண்ணாமலைச் செட்டியார், 1921இல் உருவான இம்பீரியல் வங்கியின் ஆளுநர்களுள் ஒருவராகவும் இருந்தார். சென்னைச் சட்ட சபையிலும் பின்னர் இந்திய மேல் சபையிலும் அங்கம் வகித்தார். 1923இல் 'சர்' பட்டமும், 1929இல் பரம்பரையாகத் தொடரும் 'ராஜா' பட்டமும் கிடைத்தன. சிறை சென்ற தேசியத் தலைவர்களின் வழி அவருடையதல்ல; ஆங்கில ஆட்சியோடு இணங்கிப் போனவர்.

1920இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சிக் கல்லூரியை நிறுவினார். பின்னர் தான் நிறுவிய கல்லூரிகளையும் 20 இலட்சம் ரூபாவையும் வழங்க, 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. தமிழ் இசைக்காகவும் செலவிட்டார். 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. 1948 ஜூன் 15இல் காலமானார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1930களின் விலைவீழ்ச்சியில் கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் வயல்கள் செட்டிமார்களின் கைகளுக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவ்வாறு போனது. இலங்கையில் 1925இல் ஏற்பட்ட நெருக்கடியின்போது வங்கிகள் செட்டிமார்களுக்கான கடனைச் சுருக்கிக்கொள்ள, அவர்களை நம்பியிருந்த உள்ளூர் வர்த்தகர்களும் தவித்தார்கள். இந்நிலையைப் பற்றி வங்கி ஆணைக்குழு 1934இல் அறிக்கை தந்தது. 1939இல் இலங்கை வங்கி பிறந்தது.

வட்டியை ஹராம் என்று கொள்ளும் நாம், அந்தப் பணம் வந்த வழியைப் புகழ முடியாது. ஆனால் அது போன வழியில் பாடம் இருக்கிறது. அவர் கொடுத்ததை ஒரு நிறுவனமாக்கினார். அதற்கு மூலதனம் வைத்தார். சட்ட வடிவம் தேடினார். அதனால்தான் கொடுத்தவரின் காலத்துக்குப் பின்னும் அது நிலைத்தது.

வட்டியின்றியும் இது முடியும் என்பதற்கு 1973இல் பேருவளையில் நளீம் ஹாஜியார் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா சாட்சி. ஆசிரியர் கலாசாலையில் பயின்று பாடசாலையில் கற்பிப்பவன் என்ற வகையில் எமது தனவந்தர்களிடம் நான் கேட்பது இதுதான்: றமழானில் கையில் கொடுக்கும் நோட்டுகளோடு நின்றுவிடாமல், ஒரு பகுதியையாவது கல்விக்கான வக்பாக நிலைநிறுத்துங்கள். கொடுத்தவர் மௌத்தான பிறகும் நன்மை தொடரும் வழி அதுவே.