ஹரிஸ்வாமினி ஏற்றிய விளக்கு

சாஞ்சிக் குன்றின் மேல் ஒலி ஒளிக் காட்சி தொடங்குவதற்கு முன்னால் எல்லா விளக்குகளையும் அணைத்தார்கள். தை மாதக் குளிர். பேத்தி சால்வைக்குள் கையை நுழைத்துக்கொண்டு என்மேல் சாய்ந்தாள். எதிரே பெரிய ஸ்தூபம் இருந்த இடத்தில், வானத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்த ஒரு வளைவு மட்டும் தெரிந்தது. கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி. அடியில் எங்கோ ஒரு மஞ்சள் வெளிச்சம் கிளம்பி, மெல்ல ஏறி, தோரண வாயிலின் தூண்களைத் தொட்டது. அப்புறம்தான் குரல் வந்தது.

எனக்கு இந்தி அரைகுறை. போபாலில் வளர்கிற பேத்திதான் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். கலிங்கப் போர் என்றதும் ஸ்தூபம் முழுக்கச் சிவந்தது. விதிஷாவின் தேவி வந்தாள். அசோகன் இளவரசனாக உஜ்ஜயினிக்குப் போகிற வழியில் மணந்த வணிகர் வீட்டுப் பெண். அவள் பிள்ளை மகிந்தர் இலங்கைக்குப் புறப்படும் முன் வேதிசகிரிக்கு வந்து தாயைப் பார்த்துவிட்டுப் போனதாக மகாவம்சம் சொல்கிறது. அந்த வேதிசகிரி இந்தக் குன்றுதான் என்று கருதுகிறார்கள். இருட்டில் ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் பேச்சு நடப்பதைக் கேட்டபோது தொண்டை அடைத்தது. நன்றாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் நான் காத்திருந்தது இன்னொரு பெண்ணின் பெயருக்கு. கடைசிவரை அது என் காதில் விழவில்லை.

நான் 31 வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவள். எல்லாம் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்கள். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, தானம் என்று தினமும் கையில் வந்து போகும். அதில் தானப் பத்திரம் என்றால் நிதானமாகப் படிப்பேன். கிரயப் பத்திரத்தில் பணம் பேசும். தானப் பத்திரத்தில் மனுஷர் பேசுவார். யாருக்கு, எதற்காக, எந்த நிபந்தனையில், மீறினால் என்ன ஆகும் என்று ஒரு குடும்பத்தின் அந்தரங்கமே அந்த நாலு பக்கத்தில் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கல்வெட்டு வகுப்பில் சேர்ந்து பிராமி எழுத்துக் கற்றுக்கொண்டேன். தானப் பத்திரங்களாலேயே கட்டிய ஒரு கட்டடம் சாஞ்சியில் இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. அன்றிலிருந்தே இந்தக் குன்றைப் பார்க்க வேண்டும் என்று மனசில் ஒரு முடிச்சு.

அசோகன் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எழுப்பியது செங்கல் மேடு. அடுத்த நூற்றாண்டில் அதைக் கல்லால் போர்த்திப் பெரிதாக்கினார்கள். இப்போது குறுக்களவு 36 மீட்டருக்கு மேல், உயரம் 16 மீட்டருக்கு மேல். சுற்றிலும் மர வேலியைப் பார்த்துச் செய்த மாதிரியே ஒரு கல்வேலி. நாலு திசைக்கு நாலு தோரண வாயில். சாதகர்ணி என்ற சாதவாகன அரசன் பெயர் தெற்கு வாயிலில் வருகிறது. அதுவும் அவனுடைய கைவினைஞர்களின் தலைவன் ஆனந்தன் இந்த உத்தரத்தைக் கொடுத்தான் என்று சொல்வதற்காகத்தான். அதே வாயிலின் ஒரு தூணில், விதிஷாவின் தந்த வேலைக்காரர்கள் இந்தச் சிற்பத்தைச் செய்தார்கள் என்று பொறித்திருக்கிறது. யானைத் தந்தத்தில் நகக்கண் அளவு பூ செதுக்கிய கை கல்லில் இறங்கினால் எப்படி இருக்கும் என்பதை அந்தத் தூணைக் கிட்டத்தில் பார்த்தால்தான் புரியும். ஒரு தாமரை இதழின் மடிப்புக்குள் இன்னொரு மடிப்பு.

மற்ற கற்களெல்லாம் யார் கொடுத்தது? சாஞ்சியில் கிடைத்த கல்வெட்டுகள் 800க்கும் மேல். பெரும்பாலும் ஒரே வரி. இன்ன ஊர் இன்னாருடைய தானம், அவ்வளவுதான். ஒரு தூண் ஒருவர், ஒரு குறுக்குச் சட்டம் இன்னொருவர், நடக்கிற பாதையில் பதித்த பலகைக்கல் மூன்றாமவர். நெசவாளி இருக்கிறார், செட்டி இருக்கிறார், எழுத்தர் இருக்கிறார் (என் இனம்!). உஜ்ஜயினிக்காரர்கள் நிறையப் பேர். ஒரு யவனரும் உண்டு. பிக்குணிகள் வரிசை வரிசையாக வருகிறார்கள். உடைமை எல்லாம் துறந்து பிச்சை ஏற்றுச் சாப்பிட்ட பெண்கள் ஒரு கல்லுக்கான பணத்தை எப்படிச் சேர்த்தார்கள் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

இந்த ஒற்றை வரிகள்தான் இந்தியாவின் ஊமை எழுத்தைப் பேச வைத்தன. 1837இல் கல்கத்தா நாணயச் சாலையில் உலோகத் தரம் பார்க்கும் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப்பிடம், எட்வர்ட் ஸ்மித் என்ற பொறியாளர் சாஞ்சி எழுத்துகளின் படிகளை அனுப்பினார். அசோகன் தூண்களில் இருந்த அதே எழுத்து. யாராலும் படிக்க முடியாமல் நூற்றாண்டுகளாகக் கிடந்த எழுத்து. பிரின்செப் சிறு வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தார். பெரும்பாலும் எல்லாமே ஒரே இரண்டு எழுத்தில் முடிந்தன. பௌத்தக் கோயில்களில் கொடுத்தவர் பெயரை எழுதி வைக்கும் வழக்கம் அவருக்கு நினைவு வந்தது. அப்படியானால் அந்த முடிவுச் சொல் ‘தானம்’ ஆகத்தானே இருக்க வேண்டும்? த கிடைத்தது, ந கிடைத்தது. அதற்கு முன்னால் திரும்பத் திரும்ப வரும் எழுத்து ‘உடைய’ என்ற பொருளைத் தரும் ஸ. மற்ற எழுத்துகள் மளமளவென்று திறந்துகொண்டன. மூன்று வருஷம் கழித்து, 40 வயதில் அவர் இறந்துபோனார்.

அந்தச் சாவி நம் மலைகளையும் திறந்தது. மதுரைப் பக்கத்து மாங்குளம் குகை எழுத்துகளை ராபர்ட் சிவெல் 1882இல் கண்டார். அது தமிழ்தான் என்று 1924இல் எடுத்துச் சொன்னவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். அழகர்மலைக் குகையில் உப்பு வணிகனும், கொழு விற்றவனும், பொற்கொல்லனும் துறவிகளுக்குச் செய்த கொடையில் பெயர் பொறித்திருக்கிறார்கள். சாஞ்சி வேலியைச் சுற்றி நடந்தபோது அவர்கள் என்கூடவே வந்தார்கள். மதம் வேறு, மொழி வேறு. பத்திரம் ஒரே மாதிரி.

சரி, நான் காத்திருந்த பெண்ணுக்கு வருகிறேன்.

ஹரிஸ்வாமினி. உபாசகன் சனசித்தனின் மனைவி, அவளும் உபாசிகை. குப்த ஆண்டு 131, அதாவது கி.பி. 450ஐ ஒட்டி, காகநாதபோட மகாவிகாரத்துச் சங்கத்துக்கு அவள் எழுதிக் கொடுத்த பத்திரம் இந்த வேலிக்கல்லில் இருக்கிறது. காகநாதபோடம் என்பது சாஞ்சிக்கு அன்றைய பெயர். 12 தீனாரம் வைப்பு. தீனாரம் என்பது குப்தர் பொற்காசு. அதன் வட்டியில் தினம் ஒரு பிக்குவுக்குச் சாப்பாடு. ரத்தின கிருகத்தில் 3 தீனாரம், வட்டியில் புத்தருக்கு நாள்தோறும் மூன்று விளக்கு. நாலு புத்தர் அமர்ந்திருக்கும் இடத்தில் 1 தீனாரம், ஒரு விளக்கு. அந்த நாலு புத்தர்களும் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறார்கள், நாலு வாயிலையும் பார்த்தபடி, முகம் தேய்ந்து.

கணக்குப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. மூன்று காசுக்கு மூன்று விளக்கு, ஒரு காசுக்கு ஒன்று. விகிதம் பிசகவில்லை. ஒரு விளக்கு எரிய என்ன ஆகும் என்பது அன்றைக்கு ஊரறிந்த விலை போலிருக்கிறது. இந்த வைப்புக்கு அவர்கள் சொன்ன பெயர் அக்ஷய நீவி. முதல் தேயக்கூடாது, வட்டியை மட்டும் செலவழிக்கலாம். நம் கோயில்களின் கட்டளை. இன்னும் கிட்டே வந்தால் சோழர் காலத்து நந்தா விளக்கு. ஒரு விளக்குக்கு 96 ஆடு, சில ஊர்களில் 90. தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டி போட்டு எண்ணிக்கை குறையாது என்பதால் அவை ‘சாவா மூவாப் பேராடு’. வடக்கே பொற்காசுக்குச் சாவில்லை என்றார்கள், தெற்கே ஆட்டுக்குச் சாவில்லை என்றார்கள். அணையாத விளக்குக்கு யோசித்த மூளை இரண்டும் ஒரே திசையில்தான் போயிருக்கிறது.

அவளுக்குச் சுமார் 40 வருஷம் முன்னால், கி.பி. 412இல், இரண்டாம் சந்திரகுப்தனிடம் பணிபுரிந்த ஆம்ரகார்தவன் என்ற அதிகாரியும் இங்கே 25 தீனாரம் கொடுத்து, சூரிய சந்திரர் உள்ளவரை பிக்குகளுக்குச் சாப்பாடும் ரத்தின கிருகத்தில் விளக்கும் நடக்க வேண்டும் என்று எழுதினான். கெடுத்தவனுக்குப் பசுவைக் கொன்ற பாவம், பிராமணனைக் கொன்ற பாவம், அதோடு பௌத்தர்கள் சொல்லும் ஐந்து மகாபாவம். படித்தவுடன் நம்மூர்க் கோயில் சுவர்களில் இருக்கும் ‘கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம்’ ஞாபகம் வந்தது. கட்டின கல்லைப் பெயர்த்து வேறிடத்துக்குக் கொண்டு போகிறவனுக்கும் தோரண வாயிலில் தனியே சாபம் எழுதியிருக்கிறார்கள்.

சாபம் பலிக்கவில்லை. விளக்கு எப்போது அணைந்ததோ, காடு மூடியது. 1818இல் ஜெனரல் டெய்லர் வந்து பார்த்தபோது பெரிய ஸ்தூபம் முழுசாகவே நின்றது. நாலே வருஷத்தில் கேப்டன் ஜான்சன் என்பவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உச்சியிலிருந்து அடிவரை ஒரு பக்கத்தை வெட்டித் திறந்தார். ஒன்றும் அகப்படவில்லை. மேற்கு வாயிலும் வேலியின் ஒரு பகுதியும் சரிந்து விழுந்தன. இங்கிருந்த அசோகன் தூணை உள்ளூர் ஜமீன்தார் ஒருவர் உடைத்துக் கரும்பு ஆலைக்குப் பயன்படுத்தினார் என்று ஜான் மார்ஷல் எழுதி வைத்திருக்கிறார். மார்ஷல் 1912 முதல் 1919 வரை இங்கே இருந்து, காட்டை அழித்து, சரிந்ததை அடுக்கி நிறுத்தினார். அதற்குக் கை கொடுத்தவர் போபாலை ஆண்ட சுல்தான் ஜஹான் பேகம். ஒரு முஸ்லிம் அரசி, ஒரு பௌத்த ஸ்தூபத்துக்கு. என் மனசில் அவரையும் ஹரிஸ்வாமினி பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறேன்.

காட்சி முடிந்தது. நீலமும் ஊதாவும் ஓடி அடங்கி, கடைசியாக ஒரு பொன்னிற வெளிச்சம் மட்டும் கொஞ்ச நேரம் நின்று, அதுவும் போனது. கூட்டம் செல்போன் வெளிச்சத்தில் வாசலைப் பார்த்து நகர்ந்தது. “பாட்டி, அந்தப் பாட்டி பேர் வரவேயில்லையே?” என்றாள் பேத்தி. பகலெல்லாம் அவளிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இருட்டில் அந்த நாலு புத்தர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒரு சின்ன அகல் போதும். அசோகனுக்குச் சிவப்பும் நீலமும் இருக்கட்டும், முடிவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அங்கே ஒரே ஒரு திரி வெளிச்சம், அவள் பெயர், அவள் கொடுத்த காசுக் கணக்கு. என்றாவது யாராவது செய்வார்கள் என்று ஆசையாக இருக்கிறது.

மறுநாள் காலை, வாசல் திறந்ததும் மறுபடி போனோம். கல்வெட்டுப் படிக்க உச்சி வெயில் உதவாது. சாய்ந்த வெயில் வேண்டும், அப்போதுதான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். கிழக்கு வாயில் பக்கத்து வேலியில் குப்தர் கால எழுத்து எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிபட்டது. நான் கற்றது அதற்கும் மூத்த எழுத்து. அந்தப் பழைய வரிகளுக்கு நகர்ந்தேன். ஒரு தூணில், இடுப்பு உயரத்தில், விரற்கடை அளவு எழுத்துகள். முடிவில் அந்த இரண்டும் இருந்தன. ந சுலபம்: தரைமேல் ஒரு கோடு, அதன் நடுவில் நட்ட கழி போல இன்னொரு கோடு. பக்கத்தில் ஒரு புள்ளி.

நான் கல்லுக்கு ரொம்பக் கிட்டே குனிந்திருந்ததால் காவலாளி வந்துவிட்டார். நரைத்த மீசை, கழுத்தில் மஃப்ளர். தொடவில்லை, படிக்கிறேன் என்று பேத்தி சொன்னாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எழுத்தின்மேல் படாமல் விரலைக் காற்றில் ஓட்டி, “தா... நம்” என்றேன்.

“தான்?” என்றார். “கொடுப்பது? அந்த தானா?”

அதேதான் என்று தலையாட்டினேன். அவர் மஃப்ளரை இறக்கிக்கொண்டு குனிந்தார். அந்தக் கோட்டையும் கழியையும் புள்ளியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அடுத்த தூணுக்குப் போனார், அதற்கடுத்ததற்கும். வேலி வளைகிற இடத்திலிருந்து பேத்தியைக் கைகாட்டி அழைத்தார். இங்கேயும் இருக்கிறது, பாட்டியைக் கூட்டி வா என்றார்.