கடாரத்து மண்ணில் ஒரு நாள்

கடாரத்தைப் பற்றி வகுப்பறையில் பேசத் தொடங்கினால் ஆசிரியர்களாகிய நமக்குக் குரல் சற்றே உயர்ந்துவிடுகிறது. முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்தினான். கடாரங்கொண்டான் எனப் பெயர் பெற்றான். அவ்வளவில் பாடமும் முடிந்துவிடும். யானும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தவன்தான்.

அண்மையில் எங்கள் பள்ளி மாணவர் சிலருடன் கெடா மாநிலத்து மெர்போக்குக்குச் சென்றிருந்தேன். ஜெராய் மலையின் தென் சரிவில், பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தை ஒட்டி, புக்கிட் பத்து பகாட் கோயில் இருக்கின்றது. குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் தம் துணைவியாருடன் 1936, 1937-ஆம் ஆண்டுகளில் இப்பள்ளத்தாக்கை அகழ்ந்து பல கட்டடங்களின் எச்சங்களை எண்ணிட்டுப் பதிவு செய்தார். இக்கோயிலை 1959, 1960-ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லாம்ப் மீண்டும் அகழ்ந்து, சிதறிக் கிடந்த கற்களை அடுக்கி மீட்டமைத்தார்.

பக்கத்தில் நீரோடை சலசலக்கின்றது. கருங்கல் மேடைமேல் கருவறை. அதன் முன்னே மண்டபத்தின் தரை. கூரை இல்லை. தூண்கள் நின்ற இடங்களில் கல் ஆதாரங்கள் மட்டும் வரிசையாக உள்ளன. மரத்தூண்கள் நம் நாட்டு மழைக்கும் கறையானுக்கும் எத்தனை நாள் நிற்கும்?

அந்தக் கற்களை எண்ணிக்கொண்டிருந்த ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “ஐயா, இதை இராசேந்திர சோழன் படையா இடித்தது?” என்று கேட்டாள்.

யான் திகைத்துப் போனேன். குழந்தைமேல் குற்றமில்லை. கடாரம் என்றவுடன் படையும் யானையும் வெற்றியும் அல்லாமல் வேறு எதை யான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்?

அங்கேயே படியில் அமர்ந்து, விடுபட்ட பாடத்தைச் சொல்லலானேன். அப்படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பினர். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசேந்திரனின் தந்தையாகிய இராசராசனே வழங்கினான்; செப்பேடுகள் இதற்குச் சான்று. அதற்கும் பன்னூறு ஆண்டுகளுக்கு முன் புத்தகுப்தன் என்னும் மாலுமி தன் கடற்பயணம் நலமாக முடிய வேண்டிக் கல்லில் எழுத்துப் பொறித்தான். அக்கல்லை ஜேம்ஸ் லோ என்பார் 1834-ஆம் ஆண்டில் செபராங் பிறையில் கண்டெடுத்தார். மன்னர் ஓரிருமுறை போரிட்டனர். வணிகரும் மாலுமியரும் நூற்றாண்டுக் கணக்கில் வந்து போயினர்.

பிற்பகலில் சுங்கை பத்துவுக்குச் சென்றோம். செம்பனை மரங்களுக்கு இடையே 2009-ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த இடங்கள் அவை. ஆற்றங்கரைப் படகுத்துறையின் செங்கற்களும், இரும்புலைக்குக் காற்றூதிய சுடுமண் குழாய்களும் அங்கே வெளிப்பட்டன. உலையில் உழைத்தவர் எவருடைய பெயரும் எந்த மெய்க்கீர்த்தியிலும் இல்லை.

பயிற்சிக் கல்லூரி நாள்களில் இவ்வழியே பலமுறை பேருந்தில் சென்றிருக்கின்றேன். ஒருமுறையேனும் இறங்கிப் பார்த்ததில்லை. நம் பாட்டன்மார் பால் மரம் வெட்டிய தோட்டங்கள்தாமே, இங்கு என்ன இருக்கும் என்ற எண்ணம்! இப்பகுதியில்தான் வேல்ஸ் பதினொன்று என எண்ணிட்ட கோயிலின் எச்சம் இருந்தது. அரசிதழில் அறிவிக்கப்படாத அவ்விடத்தை வீடமைப்புக்காக இயந்திரம் கொண்டு தரைமட்டமாக்கிவிட்டனர் என்ற செய்தி 2013-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அதை யான் காணவே இல்லை. இனிக் காணவும் இயலாது.

இதைச் சொன்னபோது அம்மாணவி ஒன்றும் கேட்கவில்லை. பேருந்தில் ஏறியபின் அவள் குறிப்பேட்டைப் பார்த்தேன். 1025 என்று முன்பே எழுதியிருந்தாள். அதன் கீழே 2013 என்று எழுதி, எதிரே, ‘இடித்தவர்:’ என்று குறித்துவிட்டு, மேற்கொண்டு எழுதாமல் விட்டிருந்தாள்.