வாலஸ் பறவை, அலி துப்பாக்கி

பறவையைச் சுட்டு வீழ்த்தியதோடு வேலை முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? அங்கேதான் ஆரம்பமே.

அழுகுவதற்குள் தோலை உரிக்க வேண்டும். உள்பக்கம் ஆர்சனிக் விஷம் தடவி, பஞ்சடைத்துக் காயப்போட வேண்டும். கொஞ்சம் அசந்தால் எறும்புப் படை வந்துவிடும். மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தித்தான் தப்பிக்கணும். நம் பாட்டிகள் பலகாரத் தட்டுக்குச் செய்த அதே வித்தை! அதையும் தாண்டிவிட்டால் ஊர் நாய்கள் இருக்கின்றன.

ஆல்ஃப்ரட் ரஸ்ஸல் வாலஸ் 1854 முதல் 1862 வரை மலாய் தீவுகளில் இப்படித்தான் காலம் தள்ளினார். பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. பிடித்ததையெல்லாம் லண்டன் ஏஜென்ட் சாமுவேல் ஸ்டீவன்ஸுக்கு அனுப்புவார். அவர் விற்றுத் தரும் காசில்தான் சாப்பாடு, தோட்டா, படகுக்கூலி. முன்பு அமேசானில் சேர்த்ததில் பெரும்பகுதி 1852-ல் நடுக்கடலில் கப்பலோடு எரிந்துபோனது. புண்ணியவான் ஸ்டீவன்ஸ் இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருந்தாரோ, பிழைத்தாரோ! (பி.காம். படித்தவனுக்கு இந்த இடம்தான் இனிக்கிறது.)

எட்டு வருஷ வசூல் 1,25,660. பெரும்பாலும் வண்டுகள். பறவைகள் 8,050. பல்லி, பாம்பு வகையறா 100. வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு 43! ஒற்றை ஆளால் ஆகிற காரியமா?

ஆகாது. கூலிக்கு ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவன் அலி. 1855-ல் சரவாக்கில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த மலாய்ப் பையன், வயது பதினைந்து இருக்கலாம். சமைத்தான், முதலாளிக்கு மலாய் பழக்கினான். சீக்கிரமே சுடவும் தோல் உரிக்கவும் கற்றுக்கொண்டான்.

1858 அக்டோபர், பச்சான் தீவு. வேட்டைக்குப் போன அலி, இடுப்பில் பறவைகளைத் தொங்கவிட்டபடி திரும்பினான். அதில் ஒன்று வாலஸ் அதுவரை பார்த்திராதது. பச்சை மார்பு, ஒவ்வொரு சிறகிலும் நட்டுவைத்த மாதிரி இரண்டு நீண்ட வெள்ளை இறகுகள். புத்தம் புது சொர்க்கப் பறவை!

கொண்டுவந்தது அலிதான் என்று வாலஸ் ஒளிக்காமல் எழுதினார். ஆனால், 1859-ல் லண்டனில் அதற்கு வைத்த பெயர் செமியோப்டெரா வாலசியை.

1862-ல் சிங்கப்பூரில் பிரிவு. அலியை ஒரு போட்டோ எடுக்கவைத்து, பணமும் துப்பாக்கிகளும் கொடுத்து அனுப்பினார் வாலஸ்.

45 வருஷம் கழித்து, 1907-ல், பல்லியும் பாம்பும் சேகரிக்க டெர்னேட் தீவுக்கு வந்தார் தாமஸ் பார்பர் என்ற அமெரிக்கர். வெளுத்துப்போன நீலத் தொப்பியோடு ஒரு கிழவர் அவர் முன்னால் வந்து நின்றாராம். 1943-ல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் பார்பரே எழுதியிருக்கிறார். கிழவர் தன் பெயரைச் சொன்னார்.

அலி வாலஸ்.