வாரத்துள் ஒரு பிற்பகல்: ஆங்கில நாட்டில் ஓய்வும் உவகையும் பெற்ற வரலாறு

விளையாட்டும் உவகையும் பள்ளிப் பருவத்தோடு ஒழிவன என்றும், குடும்பப் பாரத்தைத் தோளில் ஏற்றவனுக்குக் கடமையன்றிப் பிறிதொன்றில்லை என்றும் எண்ணுவோர் எந்நாட்டிலும் உளர். இவ்வெண்ணத்தை மனித இயல்பு என்று கொள்வதற்கில்லை. தொழில்முறை மாறியபோது அஃது எத்துணை வலுப்பெற்றது என்பதையும், பின்னர் எவ்வாறு சிறிது சிறிதாகத் தளர்ந்தது என்பதையும் வரலாற்றிலே காணலாம். மன்னர்தம் போர்களையும் உடன்படிக்கைகளையும் மனனஞ் செய்து பரீட்சை எழுதும் எம் மாணவர், வளர்ந்த மாந்தரின் வாரத்துள் மகிழ்ச்சிக்கென ஒரு பிற்பகல் எவ்வாறு புகுந்தது என்பதை அறிவதில்லை. பாடநூல்களும் அதற்கு ஒரு பக்கந்தானும் ஒதுக்குவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது நிகழ்ந்த விதத்தை ஈண்டு நோக்குவோம்.

யந்திரசாலைகள் எழுமுன்னர் அந்நாட்டு நெசவாளரும், சப்பாத்துத் தைப்போரும், கத்தி செய்வோரும் தத்தம் இல்லத்திலோ சிறு பட்டறையிலோ தொழில் புரிந்தனர். செய்து முடித்த பொருளுக்கே கூலி, கழிந்த மணிக்கன்று. ஆகவே வாரக் கடைசியில் இரவு பகலாக உழைத்தவர்கள் திங்கட்கிழமையைத் தமக்கென எடுத்துக் கொண்டனர். திருச்சபை எத்தனையோ அடியார்களுக்குத் திருநாள் வகுத்திருந்தது. அவ்வரிசையில் இல்லாத ஓர் அடியாரைத் தொழிலாளர் தாமே படைத்து, அந்நாளைப் ‘புனித திங்கள்’ என வேடிக்கையாக வழங்கினர். அன்று பந்தாட்டமும் சேவற்போரும் நண்பரோடு அளவளாவுதலும் நடைபெற்றன. பெஞ்சமின் பிராங்கிளின் 1725 ஆம், 1726 ஆம் ஆண்டுகளில் இலண்டன் அச்சகங்களில் வேலை செய்தபோது, தாம் ஒருகாலும் புனித திங்கள் கொண்டாடாமையால் முதலாளியின் நன்மதிப்பைப் பெற்றதாகத் தம் சரிதத்தில் எழுதியுள்ளார். திங்களன்று வேலைக்கு வருவதே ஒருவனுக்குத் தனிச்சிறப்புத் தந்ததாயின், ஏனையோர் அந்நாளை எத்துணை ஒழுங்காகக் கொண்டாடினர் என்பது சொல்லாமலே விளங்கும்.

அந்நாளை முழுதும் போற்றுவதும் பொருந்தாது. குடி மிகுதியாயிருந்தது, கூலியிற் பெரும்பங்கு அதிற் கரைந்தது. மேலும், திங்கட்கிழமை ஆங்கில இல்லங்களில் ஆடை வெளுக்கும் நாள். கணவன் அடியாரைக் கொண்டாடிய வேளையில் மனைவி வெந்நீர்த் தொட்டியண்டை நின்றாள். அவளுக்கு எந்த அடியாரும் நாள் குறித்துக் கொடுக்கவில்லை.

நீராவி யந்திரம் திங்களையும் செவ்வாயையும் வேறுபிரித்து அறியாது. உலை எரியும் வரை அதனருகே ஆள் நிற்றல் வேண்டும். மணியோசைக்கு வருதலும், பிந்தினால் தண்டம் இறுத்தலும் வழக்கமாயின. பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட வேலைநாளும் அரிதன்று. பொருளுக்கு உழைத்த மக்கள் மணிக்கு உழைப்போராய் மாறிய இப்பெயர்ச்சியை ஈ. பி. தொம்சன் என்னும் வரலாற்றாசிரியர் 1967 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்துள்ளார். யந்திரமே இல்லாத இடத்திலும் அக்காற்று வீசியது. இங்கிலாந்து வங்கி 1808 இல் 44 நாள்கள் மூடியிருந்தது. 1834 இல் அவ்வாறு மூடிய நாள்கள் நான்கே.

தொழிலாளருக்கு ஓய்வு கொடுத்தால் அவர் குடித்துக் கெடுவர் என்பது முதலாளிமார் பலர் கூறிய நியாயம். அதனை எதிர்த்து நெடுங்காலம் கிளர்ச்சி செய்ததன் பயனாக, நெசவுசாலைகளில் வேலை செய்த பெண்களுக்கும் இளைஞருக்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே வேலை என 1847 இற் சட்டம் பிறந்தது. 1850 ஆம் ஆண்டுச் சட்டம் சனிக்கிழமைகளில் அவர்களது வேலை பிற்பகல் இரண்டு மணியுடன் முடிதல் வேண்டும் என விதித்தது. அவர்களின்றி ஆலை ஓடாதாகையால் ஆண்களும் அப்பிற்பகலைப் பெற்றனர். பழைய திங்கள் மெல்ல மறைந்தது. புதிய சனி தோன்றியது. முன்னையதைத் தொழிலாளர் தாமாக எடுத்தனர். பின்னையது சட்டத்தால் அளந்து கொடுக்கப்பட்டது. ஆயினும், அளந்த நேரத்தை அவர்கள் நன்கு பயன்படுத்தினர். உதைபந்தாட்டக் கழகங்கள் பெருகி, 1888 இல் பன்னிரண்டு கழகங்கள் சேர்ந்த சங்கம் உருவாயிற்று. ஆட்டங்கள் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கும் வழக்கம், ஆலையிலிருந்து வந்தோர் ஆடுகளம் சேர்தற்கு ஏற்றதாய் அமைந்தது.

குடிக்கு எதிராகப் போராடியோர் கண்ட உண்மையொன்றும் குறிப்பிடத்தக்கது. மதுவிலக்கில் ஈடுபாடுடைய தோமஸ் குக், 1841 ஆடி 5 ஆம் நாள் லெஸ்ரரிலிருந்து லஃபறோ வரை புகையிரதமொன்றை ஒழுங்குசெய்து, ஆளுக்கு ஒரு சிலிங் பெற்று, ஏறக்குறைய 500 பேரை மதுவிலக்குக் கூட்டத்திற்கு அழைத்துச் சென்றார். குடியாதே என்று கூறுவது எளிது. அதனை விட்டவன் மாலையில் எங்கே போவான் என்பதற்கு விடையாகப் புகையிரதப் பயணத்தையும் வாத்திய இசையையும் அவர் தந்தார். உலகப் புகழ்பெற்ற பிரயாண வணிகம் அவ்வொரு நாளிலிருந்தே வளர்ந்தது.

இவ்வரலாற்றின் நடுநாயகமாக யாம் கருதுவது சேர் ஜோன் லபொக் என்பாரை. வங்கியின் விடுமுறைகள் நான்காய்க் குறைந்த அதே 1834 இல் அவர் பிறந்தமை தற்செயலே. எனினும் நினைக்கச் சுவையாயுள்ளது. சிறுவயதில் ஒருநாள் தந்தையார் பெருஞ்செய்தி உண்டென்று கூற, தமக்கு மட்டக்குதிரை வாங்கித் தரப் போகிறார் என அவர் எண்ணினாராம். செய்தி யாதெனில், சாள்ஸ் டார்வின் என்பவர் அயலிற் குடியேறுகிறார் என்பதே. ஏமாற்றமடைந்த அச்சிறுவர் பின்னர் டார்வினின் மாணவரும் நண்பருமானார். பதினைந்து வயது நிரம்புமுன் தந்தையின் வங்கியில் அமர்த்தப்பட்ட அவர், கணக்கேட்டினிடையே வாழ்ந்தும் எறும்புகளைக் கைவிட்டாரல்லர். கண்ணாடித் தகடுகளுக்கிடையே மண்ணிட்டுக் கூடமைத்து, எறும்புகளுக்கு நிறப்பொட்டிட்டு அவற்றின் நடமாட்டத்தைக் குறித்து வந்தார். அவர் வளர்த்த அரசி எறும்பொன்று ஏறக்குறைய 15 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தது. பழக்கிய குளவியொன்றை 1872 இல் பிரைட்டன் நகரிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞான சங்கத்தார்க்குக் காட்டினார். வங்கியாளரும் பாராளுமன்ற உறுப்பினருமான ஒருவர் குளவியைக் கையிலேந்தி அவையில் நின்ற காட்சியை மாணவர் கற்பனை செய்து பார்க்கலாம். தமிழில் இத்தகைய ஈடுபாட்டைப் ‘பொழுதுபோக்கு’ என்கிறோம். பொழுதைப் போக்குதற்கு அன்று, பெறுதற்கே அவர் பாடுபட்டார்; இதற்குப் பொருத்தமான வேறொரு சொல்லைத் தமிழாசிரியர் எவரேனும் ஆக்கித் தருவாராயின் நன்று.

1871 இல் அவர் கொணர்ந்த வங்கி விடுமுறைச் சட்டம் நான்கு நாள்களை வகுத்தது: உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த திங்கள், பெந்தெகொஸ்தே ஞாயிற்றுக்கு அடுத்த திங்கள், ஓகஸ்ட் மாதத்து முதல் திங்கள், மார்கழி 26 ஆம் நாள். அதுவரை இருந்த இடர்ப்பாடு உண்டியல்கள் பற்றியது. தவணை நாளில் வங்கி மூடியிருப்பின் உண்டியல் மறுக்கப்பட்டதாகும். அந்நாளில் முதிரும் உண்டியலுக்கு அடுத்த வேலைநாளிற் பணமிறுக்கலாம் என்னும் ஒரு விதியினால் அவ்விடர் நீங்கிற்று. ‘தேசிய விடுமுறை’ என்று பெயரிட்டிருந்தால் எதிர்ப்பெழுந்திருக்கும் என லபொக் பின்னர் கூறினார். வங்கி என்ற வறண்ட பெயரைக் கண்டு எவரும் ஐயுறவில்லை. வங்கி மூடினால் வாணிகமும் ஓயும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஏனைய மூன்றும் சமயத் திருநாள்களை ஒட்டியவை. ஓகஸ்ட் திங்களோ எந்த அடியாருக்கும் உரியதன்று. வெயிற்காலத்தில் மக்கள் மகிழ்ந்திருத்தற்கென்றே அமைந்த அந்நாளை அவர்கள் நன்றியோடு ‘புனித லபொக்கின் நாள்’ என்றனர். (நம் நாட்டிலோ 1966 முதல் 1971 வரை வார ஓய்வே ஞாயிற்றை விட்டுச் சந்திரனைத் தொடர்ந்து போயா நாள்களுக்குச் சென்று, பின்னர் ஞாயிற்றுக்கு மீண்டது. பௌர்ணமி மட்டும் பொது விடுமுறையாக இன்றும் நிலைத்துள்ளது.)

1887 இல் அவர் வெளியிட்ட ‘வாழ்வின் இன்பங்கள்’ என்னும் நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. அதன் முதலதிகாரம் மகிழ்ச்சியாயிருத்தலை ஒரு கடமையென்றே கொள்கிறது. நூல்கள், நண்பர், பயணம், இல்லம், விஞ்ஞானம் என அன்றாட வாழ்வின் எளிய பேறுகளை அஃது எடுத்துரைக்கிறது. இலண்டன் தொழிலாளர் கல்லூரியின் தலைவராயிருந்தபோது 1886 இல் அவர் பரிந்துரைத்த நூறு நூல்களுள் மகாபாரதமும், இராமாயணமும், காளிதாசரின் சாகுந்தலமும் இடம்பெற்றமை எம்மனோர்க்கு உவகை தருவது. வங்கி உடையவர் இன்பத்தைக் கடமை என்று போதித்தல் எளிது எனச் சிலர் எள்ளக்கூடும். அவரது நூலை மட்டும் படிப்பார்க்கு அவ்வெள்ளல் நியாயமாகவே தோன்றும். கடைச் சிப்பந்திகளுக்காக அவர் செய்தவற்றை அறிந்தோர்க்கு அவ்வாறு தோன்றாது.

ஆலைத் தொழிலாளர் சனிப் பிற்பகலைப் பெற்ற பின்னும், கடைகளில் நின்றோர்க்கு இரவு வரை ஓய்வில்லை. சனிக்கிழமையே அவர்களுக்கு மிகக் கடினமான நாள். ஆலையாள் கூலியோடு வரும் வேளையிலன்றோ கடை திறந்திருத்தல் வேண்டும்! ஒருவர் பெற்ற ஓய்வு மற்றவர் மேற் சுமையாயிற்று. லபொக்கின் முயற்சியால் 1886 இல் வந்த சட்டம், பதினெட்டு வயதிற்குட்பட்ட கடைச் சிப்பந்திகளின் வேலையை, உணவு வேளை உட்பட, வாரத்திற்கு 74 மணியாகக் குறைத்தது. 74 மணி ஒரு குறைப்பாயின், முன்னிருந்த நிலை யாதெனக் கேட்கவும் வேண்டுமோ? அச்சட்டத்தை மேற்பார்ப்பதற்கு அதிகாரிகளும் நியமிக்கப்படவில்லை. கடைப்பெண்கள் மூவர்க்கு ஓர் இருக்கையேனும் வைத்தல் வேண்டும் என விதிப்பதற்கு 1899 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வாரந்தோறும் அரைநாள் விடுமுறை அவர்களுக்குச் சட்டப்படி கிடைத்தது 1911 இல். லபொக் அப்போது 77 வயது முதியவர். 1913 இல் அவர் காலமானார்.

இலங்கையில் அவ்வரைநாள் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் இடம்பெற்றது. நாளொன்றுக்கு எட்டு மணியும் வாரத்திற்கு 45 மணியும் வேலை எனவும், வாரந்தோறும் ஒன்றரை நாள் விடுமுறை எனவும் அது வகுத்தது. ஒரு நாள் ஓய்வென்பது பழைய வழக்கங்களும் அறிந்ததே. மிகுந்த அந்த அரைநாளுக்குத்தான் இத்தனை வரலாறு.