குரோவரின் ஐயம்: புகாராவில் காணாமற்போன இருவரும் லண்டனில் காத்திருந்த ஒருவரும்

1842 ஜூன் மாதம் புகாரா நகரில் ஆங்கிலேய அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டனர். ஒருவர் லெப்டினன்ட் கர்னல் சார்லஸ் ஸ்டோடார்ட். மற்றவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளக் குதிரைப்படையைச் சேர்ந்த கேப்டன் ஆர்தர் கானலி. மரணச் செய்தி டெஹ்ரான் வழியாக லண்டனை எட்டிய பிறகும், ஓராண்டுக்கு மேலாக அதை ஏற்க மறுத்து, நண்பர்கள் உயிரோடிருக்கக்கூடும் என்று எழுதியும் பேசியும் நிதி திரட்டியும் வந்தவர் கேப்டன் ஜான் குரோவர். நடு ஆசியாவில் பிரிட்டனும் ரஷ்யாவும் நடத்திய போட்டியைப் பற்றிய நூல்களில் குரோவருக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். அந்தப் பத்தியிலும் அவர் பாசத்தால் அறிவு மங்கிய பிடிவாதக்காரராகவே வருவார். அவர் எதை நம்பினார் என்பதைவிட, எதை ஏன் நம்ப மறுத்தார் என்பது வரலாற்று மாணவருக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாரசீகத்திலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்தால் அனுப்பப்பட்ட ஸ்டோடார்ட் 1838 டிசம்பரில் புகாராவைச் சென்றடைந்தார். பிரிட்டனிடம் அஞ்சத் தேவையில்லை என்று அமீர் நஸ்ருல்லாவுக்கு உறுதி கூறுவதும், அங்கிருந்த ரஷ்ய அடிமைகளை விடுவிக்கும்படி வேண்டுவதும் அவருக்கு இடப்பட்ட பணி. அந்நியர் குதிரையிலிருந்து இறங்கி நடக்க வேண்டிய ரெகிஸ்தான் சதுக்கத்தில் அவர் இறங்காமலேயே சென்றார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. காரணம் அதுவோ, அதற்கு மேலும் ஏதாவதோ, சில நாட்களில் அவர் பூச்சிகள் நிறைந்த 'சியா சா' என்னும் கருங்கிணற்றில் தள்ளப்பட்டார். கொலை மிரட்டலின் கீழ் மதம் மாற்றப்பட்டார். பின்னர் வெளியே விடப்பட்டார், மீண்டும் அடைக்கப்பட்டார். காபூலில் ஆங்கிலப் படை வலுவாக இருந்தவரை அவரது நிலை சற்றுத் தேறியிருந்தது. ஒரு கைதியின் உயிர் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள படையின் பலத்தோடு கட்டுண்டிருந்தது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கானலி 1840 செப்டம்பரில் காபூலிலிருந்து புறப்பட்டார். கீவா, கோகண்ட் அரசுகளோடு பேசுவது அவரது பணி. ஸ்டோடார்ட்டை மீட்டுவர வேண்டும் என்பது அதனுள் இருந்த ஆவல். 1841 நவம்பரில் அவர் புகாராவுக்குள் நுழைந்தபோது காபூலில் கிளர்ச்சி மூண்டிருந்தது. அந்த மாதம் 2ஆம் நாள் அலெக்சாண்டர் பர்ன்ஸ் கொல்லப்பட்டார். அமீர் விக்டோரியா அரசிக்கு எழுதிய கடிதத்துக்கு அரசியிடமிருந்து பதில் வரவில்லை. இந்தியாவின் தலைமை ஆளுநரோடு பேசிக்கொள்ளும்படியே லண்டன் கூறியிருந்தது. இதை அமீர் அவமதிப்பாகக் கொண்டார். நண்பரைத் தேடிவந்த கானலியும் டிசம்பரில் காவலில் வைக்கப்பட்டார். அதன்பின் கள்ளத்தனமாக வெளியேறிய சில கடிதங்கள் கிடைத்தன. 1842ஆம் ஆண்டின் வசந்த காலத்தோடு அவையும் நின்றன.

அந்த ஆண்டின் இறுதியில் சாலிஹ் முகம்மது என்ற இளைஞர் டெஹ்ரான் வந்து சேர்ந்தார். பாரசீகர், கானலியிடம் முன்பு வேலை பார்த்தவர். இருவரும் ஜூனில் கொல்லப்பட்டனர், முதலில் ஸ்டோடார்ட்; மதம் மாறினால் உயிர் தருவதாகக் கானலியிடம் கூறப்பட்டது, அவர் மறுத்தார் என்பது அவரது வாக்குமூலம். அவர் எதையும் நேரில் பார்க்கவில்லை. கொலைத் தொழிலாளி ஒருவர் தம்மிடம் கூறியதாகவே சொன்னார். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை இந்த ஒரு சாட்சியத்தை ஏற்று, விஷயம் முடிந்ததாகக் கருதியது.

குரோவரின் ஐயம் இங்கேதான் தொடங்குகிறது. சாட்சி ஒருவர், அவரும் கேட்டதைச் சொல்பவர், சொன்னவர் யாரென்று விசாரிக்க வழியில்லை. கொல்லப்போவதாகக் கூறி ஸ்டோடார்ட்டை அச்சுறுத்திவிட்டுப் பின்னர் உயிரோடு விட்டுவைத்த வரலாறு அமீருக்கு ஏற்கெனவே இருந்தது. மூன்றாண்டு சிறையைத் தாங்கிய மனிதர் நான்காவது ஆண்டையும் தாங்கியிருக்க முடியாதா? ஆராய்ச்சி முறையியல் வகுப்பில் இந்த ஆவணத்தைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னால், நல்ல மாணவர் எவரும் குரோவர் எழுப்பிய ஆட்சேபங்களையே எழுப்புவார். அரசு சரியான முடிவுக்கு வந்தது என்பது உண்மை. ஆனால் சான்று வலுவாயிருந்ததால் வரவில்லை, முடிவு வசதியாயிருந்ததால் வந்தது என்பதே என் வாசிப்பு. இறந்தவர்களுக்காகத் தூது அனுப்ப வேண்டியதில்லை.

சாலிஹ் முகம்மதுவைப் பற்றியும் ஒரு சொல். தம் எஜமானரின் முடிவை அறிவிக்க அவ்வளவு தொலைவு வந்த அந்த இளைஞரை அரசு நம்பியதும் அவருக்காக அல்ல, குரோவர் நம்ப மறுத்ததும் அவருக்காக அல்ல. இரு தரப்பினரும் தத்தம் தேவைக்கு ஏற்பவே அவரை எடைபோட்டனர்.

குரோவரின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1842 அக்டோபரில் தலைமை ஆளுநர் எல்லன்பரோ, இருவரையும் விடுவிக்குமாறு அமீருக்கு எழுதிய கடிதத்தில், அவர்களைத் தீங்கற்ற பயணிகள் என்ற பொருளில் குறிப்பிட்டார். அவர்கள் அப்போது உயிரோடில்லை. ஆனால் எழுதியவருக்கு அது தெரியாது. அரசின் ஆணையால் சென்றவர்களைத் தனிப்பட்ட பயணிகள் என்று அரசே கூறிவிட்டால், அமீரின் பார்வையில் அவர்கள் ஒற்றர்களாகிவிடுவார்கள் அல்லவா? நம்பிக்கையோடிருந்த நண்பர் எழுப்பிய இந்தக் கேள்வி, அவர்கள் உயிரோடிருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லுபடியாகும். அவர்களை அனுப்பியது யார், கைவிட்டது யார் என்பது மரணத்தோடு முடிந்துவிடும் வினா அல்ல.

குரோவர் தாமே புகாரா செல்ல விரும்பினார். அரசு அதற்கு அதிகாரம் வழங்க மறுத்தது. 1843இல் அவர் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோளை வெளியிட்டார்; நண்பர்களைக் கூட்டி ஸ்டோடார்ட், கானலி பெயரில் ஒரு குழு அமைத்தார். அதே ஆண்டு ஜூலையில் ஜோசப் வுல்ஃப் என்ற பாதிரியார், வழிச்செலவு மட்டும் கொடுத்தால் தாம் போவதாகப் பத்திரிகையில் எழுதினார். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரானவர். 1832இல் ஒருமுறை புகாராவைப் பார்த்தவர். இந்தியாவில் கானலியோடு பழகியவர். காணாமற்போன நண்பருக்காக மீண்டும் ஒரு நண்பர் அதே பாதையில் போகிறார்.

வுல்ஃபின் பயணத்தில் நாடகத்தனம் அதிகம். அதை அவரே மறைக்கவில்லை. அக்டோபரில் இங்கிலாந்தை விட்டவர் கான்ஸ்டான்டினோபிள், பனியால் மூடுண்ட எர்சுரும், டெஹ்ரான், மஷ்ஹத், மெர்வ் வழியாக 1844 ஏப்ரல் இறுதியில், குருமார் அங்கி அணிந்து கையில் விவிலியம் ஏந்தி, புகாரா நகருக்குள் நுழைந்தார். இஸ்லாமிய அரசர்கள் மதிக்கும்படியாக உஸ்மானியச் சுல்தானின் கடிதமும் பாரசீக ஷாவின் கடிதமும் வைத்திருந்தார். வழியெங்கிலுமிருந்து குரோவருக்கு எழுதிக்கொண்டே போனார். புகாராவில் அவருக்குக் கிடைத்த விடை தெளிவானது: இருவரும் கொல்லப்பட்டுவிட்டனர். அதைத் தெரிந்துகொண்டவரை வெளியேற விடவில்லை. லண்டனில் இப்போது இவருக்காகவும் காத்திருக்க வேண்டியதாயிற்று. பாரசீகத் தூதரின் துணையால் ஆகஸ்டில் விடுபட்டு, 1845 ஏப்ரலில் வுல்ஃப் இங்கிலாந்து திரும்பினார். நாடு திரும்பியவர் அவர் ஒருவரே.

குரோவரின் ஐயம் இத்தோடு முற்றிலும் தோற்றது என்று சொல்ல முடியாததே இதில் வியப்பு. அமீரின் தரப்பிலிருந்து வுல்ஃப் பெற்றுவந்த தேதி, சாலிஹ் முகம்மது சொன்னதைவிட ஓராண்டு பிந்தியது: ஹிஜ்ரி 1259, அதாவது 1843. அது சரியானால், அரசு அவர்களை இறந்தவர்களாக அறிவித்தபோது அவர்கள் சிறையில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தனர்! குரோவர் அந்த இடைவெளியைப் பற்றிக்கொண்டு 1845இல் புகாராவில் பலியானவர்களைப் பற்றிய தம் நூலை எழுதினார். பிற்கால ஆய்வாளர் பெரும்பாலும் 1842ஐயே ஏற்கின்றனர், நானும் அப்படியே. ஆயினும் இன்று இந்நிகழ்வைப் பற்றி நம் கையிலிருக்கும் சான்றுகளில் கணிசமான பகுதி, ஒரு நண்பர் செய்தியை நம்ப மறுத்ததால் உருவானது.

இதே காலத்தில் காணாமற்போன வேறு சிலரையும் நினைக்காமல் இக்கதையைச் சொல்வது நியாயமாகாது. 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய படையில் ஏறத்தாழ 4,500 வீரர். அவர்களில் ஐரோப்பியர் 700 பேர் அளவே, மற்றவர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களோடு 12,000 பணியாளரும் குடும்பத்தாரும். பனியிலும் துப்பாக்கிச் சூட்டிலும் இறந்தவர் போக, எஞ்சியோரில் பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். அவத்திலும் பீகாரிலும் எத்தனை வீடுகளில் எத்தனை ஆண்டுகள் அவர்களை எதிர்பார்த்திருந்திருப்பார்கள்! அவர்களுக்கென்று குழு எதுவும் கூடவில்லை. சீதாராம் என்ற சிப்பாயின் தன்வரலாறாக 1873இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல், காபூலில் அடிமையாக விற்கப்பட்டுத் தப்பித் திரும்பியவரைச் சாதி இழந்தவராக ஊர் நடத்தியதைச் சொல்கிறது. மூலப் பிரதி கிடைக்காத அந்நூலின் நம்பகத்தன்மை விவாதத்துக்குரியது. அதையும் குரோவரின் கண்ணோடு படிக்கத்தான் வேண்டும்.

கானலியின் குடும்பத்துக்கு வருவோம். கானலி சகோதரர் பலர் கம்பெனிப் பணியில் இருந்தனர். எட்வர்ட் 1840இல் ஆப்கானியப் போரில் மாண்டார். ஜான் காபூலில் பணயக் கைதியாக இருந்து, ஆர்தர் கொல்லப்பட்ட சில வாரங்களுக்குள், 1842 ஆகஸ்டில் நோயால் இறந்தார். ஹென்றி சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரின் ஆட்சியர். கோழிக்கோட்டில் கானலி கால்வாய் என்று இன்றும் வழங்குவது அவர் பெயரால்தான். நிலம்பூர்த் தேக்குத் தோட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. 1855 செப்டம்பரில் கோழிக்கோட்டு இல்லத்தில் அவர் மாப்பிளைகளால் கொல்லப்பட்டார்.

1862இல், லண்டனில் வாழ்ந்த அவர்களுடைய சகோதரியிடம் ஒரு சிறு ஜெபப் புத்தகம் வந்து சேர்ந்தது. புகாராவில் ஒரு ரஷ்யர் கையில் சிக்கி, அங்கிருந்து பல கை மாறி வந்தது அது. அதன் ஓரங்களிலும் வெற்றிடங்களிலும் ஆர்தர் கானலி சிறையில் எழுதிய குறிப்புகள் நெருக்கமாக நிறைந்திருந்தன. மாற்றுடை இல்லாத குளிர்காலம், ஸ்டோடார்ட்டின் உடல்நிலை, விடுதலை பற்றிய பேச்சு என்று அவை போகின்றன. குறிப்புகள் நடுவிலேயே நின்றுபோகின்றன.