தவிட்டின் கணக்கு



சென்ற மாத நிகழ்ச்சி முடிந்ததும் பேர்லேண்டிலிருந்து ஓர் அக்கா தொலைபேசியில் வந்தார். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் கணவருக்கு யாரோ தவிட்டுத் தூள் கொடுத்திருக்கிறார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி கூடுமாம். "தம்பி, ஊரிலை மாட்டுக்கு வைச்ச தவிடு இஞ்சை போத்தலிலை வருகுது. உண்மையோ?" என்றார். நான் கணக்காளன், வைத்தியன் அல்லன். ஆனால் தவிட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் எங்கள் சனமும் இருக்கிறது.

நூறு வருடங்களுக்கு முன்பு மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளரைக் கொன்றது. முதலில் கால் மரக்கும், பிறகு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். அதே நாட்டில் வேலை செய்த தமிழருக்கோ அந்த நோய் அரிது. சீனர் சாப்பிட்டது சீயத்திலிருந்து வந்த ஆலை வெள்ளையரிசி. எங்களவர் சாப்பிட்டது புழுங்கலரிசி. இந்த வித்தியாசத்தைக் கவனித்து பிராடன் என்ற வைத்தியர் 1907இல் புத்தகமே எழுதினார். ஆனால் வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாக அவர் நினைத்தார்.

அதே வருடம் பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானில் தெருப்போட வந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசி, மற்றதற்குப் புழுங்கல். வெள்ளையரிசிப் பக்கம் நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் பக்கம் மாறியது. (மனிதர்மேல் இப்படிச் செய்ய இன்று எவரும் அனுமதிக்கமாட்டார்கள்.) நஞ்சு எதுவும் இல்லை, தீட்டும்போது தவிட்டோடு போன ஒன்றுதான் குறை என்பது தெளிவாயிற்று. நெல்லை அவிக்கும்போது அது அரிசிக்குள் இறங்கிவிடும். அப்பாச்சிமார் கிடாரத்தில் செய்த வேலை அதுதான். 1936இல் அந்தச் சத்தைச் செயற்கையாகச் செய்து காட்டியவர் ரொபேர்ட் வில்லியம்ஸ். தயமின் என்று பெயர். அவர் பிறந்த ஊர் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்!

எங்கள் ஹூஸ்டனிலும் 1940களில் ஒரு கம்பனி நெல்லை ஆவியில் புழுக்கி, யுத்த காலத்தில் அமெரிக்க இராணுவத்துக்கு விற்றது. பின்னாளில் 'அங்கிள் பென்ஸ்' என்று கடைக்கு வந்தது அதுதான்.

அக்கா கேட்டது வேறு சரக்கு. தவிட்டு நாரை ஷிட்டாகே காளானின் நொதிகளால் உடைத்து எடுப்பது. எம்ஜிஎன்-3 என்று பெயர். இது இரத்தத்திலுள்ள இயற்கைக் கொல்லி அணுக்களின் வேகத்தைக் கூட்டுவதாக 1998இல் கோனியம் என்ற லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர் எழுதினார். பிறகும் சிறு ஆய்வுகள் வந்தன. ஆனால் அணு வேகமாவது ஒரு கணக்கு, நோயாளி பிழைப்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுத என் தொழில் விடாது. நியூ ஜேர்சியில் இதைப் புற்றுநோய் மருந்துபோல விற்ற லேன் லாப்ஸ் நிறுவனத்தை, விற்பனையை நிறுத்தி வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி 2004இல் கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது.

அக்காவுக்குச் சொன்னேன்: போத்தலை ஒளிக்காமல் புற்றுநோய் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கோ, அவர் சொல்லாமல் கொடுக்கவேண்டாம், சிகிச்சையை ஒருநாளும் நிறுத்தவேண்டாம். இரவுக்கு என்ன சமைப்பது என்று கேட்டார். புழுங்கலரிசிக் கஞ்சி என்றேன்.