சுவருக்கும் உயிர் உண்டு

விருதுநகர்க் கடைவீதியில் எண்ணெய்ப் பரோட்டாவும் முட்டைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுச் சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். பட்டாசு ஆலை ஒன்றில் மேஸ்திரியாக இருக்கும் நண்பர் வரச் சொல்லியிருந்தார். ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நின்ற சின்னஞ்சிறு அறைகளைக் காட்டி, "இங்கே காவல்காரன் யாரு, சொல்லுங்க அண்ணாச்சி?" என்று கேட்டார். வாசலில் தடியோடு நின்ற கிழவரைக் காட்டினேன். நண்பர் சிரித்தார்.

"அவரில்லை. இந்தச் சுவரும் நடுவிலே விட்ட இடமுந்தான்."

அந்த வார்த்தை என்னை வயிற்றைப் பற்றி யோசிக்க வைத்தது. முட்டைப் புரதம் ஊசி வழியே போனால் சண்டைக்கு நிற்கிற உடம்பு, வாய் வழியே போனால் ஏன் சும்மா இருக்கிறது? 1911-ல் அமெரிக்காவில் வெல்ஸ் என்பவர் கினிப்பன்றிகளுக்கு முட்டைப் புரதத்தை முன்னதாகத் தின்னக் கொடுத்தார். பிறகு அதையே ஊசியில் ஏற்றியபோது, வழக்கமாக வரும் ஒவ்வாமை அதிர்ச்சியிலிருந்து அவை தப்பின.

இந்தப் பொறுமைக்கான புகழெல்லாம் நெடுங்காலம் வெள்ளையணுக்களுக்கே போயிற்று. அவற்றைத் தாங்கி நிற்கும் இணைப்புத் திசு அணுக்கள் வெறும் செங்கல்லும் காரையுமே என்பது பலருடைய அபிப்பிராயம்.

2007-ல் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் எலிகளிடம் வேறொன்றைக் கண்டார்கள். நிணநீர்க் கணுக்களின் சட்டமாக நிற்கும் அந்த அணுக்களே குடலின் சொந்தப் புரதங்களை ஏந்திக் காட்டி, அவற்றைத் தாக்கக்கூடிய வெள்ளையணுக்களை அடக்கி வைக்கின்றன! மறு வருஷம் ஜெர்மனியின் ஹானோவரில், குடலருகே உள்ள கணுவை எடுத்துவிட்டு, உடம்பின் வேறிடத்துக் கணுவை அங்கே நட்டார்கள். உள்ளே புதிய வெள்ளையணுக்கள் வந்து குடியேறின. சட்டம் மட்டும் வந்த இடத்துச் சட்டமாகவே இருந்தது. அங்கே பயின்ற அணுக்களுக்குக் குடலுக்குப் போகும் வழி சரியாகத் தெரியவில்லை. வழி சொல்லும் வாத்தியார் சுவர்தான்.

ஆனால் பொறுமைக்கும் விலை உண்டு. 1960-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் செல்வின் பேக்கரும் அவர் குழுவினரும், நோயில்லாத நம் ஜனங்களின் சிறுகுடல் துணுக்குகளைச் சோதித்தார்கள். மேல்நாட்டாருக்கு விரல் போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் இங்கே பலருக்கு இலை போலவும் வரப்புப் போலவும் குறுகியிருந்தன. அசுத்தமான தண்ணீரோடும் கிருமிகளோடும் ஓயாமல் மல்லாடிய குடலின் தழும்பு அது என்றே இன்று கருதுகிறார்கள். நோயாளி அல்ல, ஆனாலும் நித்தம் கொஞ்சம் தேய்கிற மனிதன்.

2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோரை விழுங்கிய தீயைப் பற்றி நண்பர் பேச விரும்பவில்லை. "சுவர் எவ்வளவுதான் தாங்கும்?" என்றார்.

புறப்படும்போது ஒரு சொம்பை நீட்டினார். "காய்ச்சின தண்ணிதான் அண்ணாச்சி, குடிங்க."